திணிவும் நிறையும்

உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலும் மாணாக்கர் அடையவேண்டிய பேறு யாது? சூத்திரங்களை ஒப்பிக்கும் வன்மையன்று என்பேன். தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலையென்று விஞ்ஞான ஆசிரியர் முகஞ் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

ஒரு பொருளிலுள்ள சடத்தின் அளவைத் திணிவு என்றும், அதனைப் புவி ஈர்க்கும் விசையை நிறை என்றும் ஈழத்துப் பாடநூல்கள் வகுத்துள்ளன. தமிழகத்திலோ முன்னதே நிறை, பின்னது எடை. கடலைக் கடந்ததும் சொல் பொருள் மாறுகின்றது. ஆதலின், சொல்லை மட்டும் மனனஞ் செய்தவன் அக்கரை நூலைத் திறந்ததும் மயங்குவான். கருத்தைப் பற்றியவன் மயங்கான்.

சந்திரனில் நிறை ஏறத்தாழ 6இல் ஒரு பங்காகக் குறையவும் திணிவு குறையாதது ஏன் என்பதை அவன் தன் தாய்க்கு விளங்கச் சொல்லட்டும். செய்முறை வகுப்பிற் கண்டதைத் தன் வசனத்திற் பத்து வரியேனும் எழுதட்டும். அவ்வேடுகளைத் திருத்த நானும் ஆயத்தம்.