சோதனையில் தேறினால் போதுமா?

கோமெட் விமானத்தின் கதையை ஒரே வரியில் முடித்துவிடும் வழக்கம் உண்டு: ஜன்னலைச் சதுரமாக வைத்தார்கள், மூலையில் விரிசல் விட்டது, நடுவானில் சிதறியது. யாரோ ஒரு வடிவமைப்பாளரின் பிழை, அதையும் திருத்தியாயிற்று என்று நிம்மதியாக நகர்ந்துவிடலாம். ஆனால், அந்த விமானத்தின் சேவைக் காலத்தைத் தேதிவாரியாகப் பார்த்தால், ‘இனி பறக்கலாம்’ என்று எடுக்கப்பட்ட முடிவுகளே அதிகம் உறுத்துகின்றன.

பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் தயாரித்த கோமெட், 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து 36 பயணிகளுடன் ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிளம்பியது. கட்டணப் பயணிகளுக்கான உலகின் முதல் ஜெட் சேவை அதுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்புக்கும் சேவை தொடங்கியது. பழைய விமானங்கள் மேகத்துக்குள் குலுங்கிக்கொண்டு போன காலத்தில், கோமெட் 35,000 அடிக்கு மேல் அலுங்காமல் பறந்தது.

அந்த உயரத்தில் பயணிகள் மூச்சுவிட வேண்டுமானால் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டியாக வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் உடற்கூடு ஒருமுறை விம்மித் தணியும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் முறிவதுபோல, உலோகத் தகடும் சோர்ந்துபோகும். இதைப் பொறியாளர்கள் அறிந்தே இருந்தார்கள். உடற்கூட்டின் ஒரு பகுதியைச் செய்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். சுமார் 16,000 முறை அது தாங்கியது.

வினை அங்கேதான் ஒளிந்திருந்தது. அதே மாதிரியில், வழக்கமான அழுத்தத்தைப் போல இரு மடங்கை ஏற்றி ஏற்கெனவே பலம் பார்த்திருந்தார்கள். அதில் திறப்புகளின் மூலைகளில் உலோகம் சற்றே இழுபட்டு, சோர்வைத் தாங்கும் திறன் அந்த இடங்களில் கூடிவிட்டது. பயணிகளை ஏற்றிச் சென்ற விமானங்களுக்கு அந்தப் பலம் வாய்க்கவில்லை. தேறியது ஒன்று, பறந்தது வேறொன்று.

1953 மே 2 அன்று, முதல் சேவையின் ஆண்டு நிறைவு நாளில், கல்கத்தாவிலிருந்து கிளம்பிய கோமெட் இடிமழையில் சிக்கி உடைந்து விழுந்தது. 43 பேர் இறந்தனர். புயல் கண்முன் நின்றதால் பழி அதன் மேல் போனது. 1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவருகே இன்னொன்று கடலில் விழுந்து 35 பேர் மாண்டனர். லண்டன் - ஜோகன்னஸ்பர்க் சேவையைத் தொடங்கிவைத்த அதே விமானம் அது. இந்த முறை வானம் தெளிவாக இருந்தது.

கோமெட்டுகள் தரையிறக்கப்பட்டன. காரணம் பிடிபடவில்லை. தீயாக இருக்குமோ, அதிர்வாக இருக்குமோ என்று ஊகித்ததற்கெல்லாம் பரிகாரமாகச் சுமார் 60 மாற்றங்களைச் செய்து, மார்ச் 23 அன்று மீண்டும் பறக்க விட்டார்கள். ஏப்ரல் 8 அன்று, பதினாறே நாளில், நேப்பிள்ஸ் அருகே அடுத்த விமானம் விழுந்தது. 21 பேர் பலி. அந்த உயிர்களைப் பறித்ததில் விரிசலுக்கு எவ்வளவு பங்கோ, அவசரத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

உண்மையைத் தேடிய விதம் மட்டும் இன்றும் வியக்க வைக்கிறது. ஃபார்ன்பரோவிலிருந்த அரசு ஆய்வு நிலையத்தில், இறக்கைகள் இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஒரு முழு கோமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். காற்றை அடைத்துச் சோதித்தால், விரிசல் விடும் கணத்தில் உடற்கூடே குண்டாக வெடிக்கும். எது முதலில் உடைந்தது என்று கண்டறிய முடியாது. தண்ணீர் அப்படி விரிவதில்லை. உடைந்த இடம் உடைந்தபடியே நிற்கும். உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கி, இறக்கைகளை அசைத்துப் பயணங்களை நடித்துக் காட்டினார்கள். உண்மைப் பயணங்களையும் சேர்த்துச் சுமார் 3,000 சுற்றில் உடற்கூடு கிழிந்தது. எல்பா கடலில் மீட்ட சிதைவோ, கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பருகே விரிசல் தொடங்கியதைக் காட்டியது. பயணிகள் எட்டிப் பார்த்த ஜன்னலில் தொடங்கவில்லை!

திருத்தி எழுந்த கோமெட் 4, 1958 அக்டோபர் 4 அன்று அட்லான்டிக் பெருங்கடலைக் கடந்த முதல் ஜெட் பயணிகள் சேவை என்ற பெயரை வாங்கியது. மூன்று வாரத்தில் அமெரிக்காவின் போயிங் 707 அதே தடத்துக்கு வந்தது. பெரிய விமானம், அதிக இருக்கைகள். சந்தை அதன் பின்னால் போனது. ஆனாலும் கோமெட் 1980 வரை பயணிகளைச் சுமந்தது. கெட்ட விமானமாகவே இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

இதைப் பழங்கதையென்று ஒதுக்க முடியாது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் போயிங் 737 மேக்ஸ் விழுந்த பிறகும் அந்த ரக விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் இரண்டாவது விழுந்த பிறகுதான் உலகம் முழுவதும் தரையிறக்கினார்கள். இரண்டிலுமாக 346 பேர் இறந்தனர். அந்த விமானத்துக்குச் சான்றளிக்கும் வேலையில் கணிசமான பகுதி தயாரித்த நிறுவனத்திடமே விடப்பட்டிருந்தது.

விமானப் பாதுகாப்பில் ஒழுங்குமுறை அமைப்புகளிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. சோதித்த பொருளும் பயணிகளுக்கு வரும் பொருளும் ஒன்றுதானா என்பதைத் தயாரிப்பாளர் சொல்லை நம்பாமல் வெளியார் சரிபார்த்தார்களா? விபத்துக்குப் பிறகு மீண்டும் பறக்க அனுமதிக்கும்போது காரணம் தெரிந்துவிட்டதா, அல்லது ஊகங்களுக்குத்தான் மருந்து போட்டிருக்கிறார்களா? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், எவ்வளவு நஷ்டமானாலும் விமானம் தரையில்தான் நிற்க வேண்டும்.