உப்பளத்துக்கு நூலகம்: யூசர் யாருங்க?

சாஃப்ட்வேர்ல எந்த வேலையை ஆரம்பிச்சாலும் முதல் கேள்வி, 'யூசர் யாரு?' நூலகத்துக்கும் இதையே கேக்கணும்ங்கறது என் கட்சி. மரக்காணம் உப்பளப் பக்கத்தை எடுத்துக்குங்க மக்களே.

அங்க வேலை விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும். வெயில் ஏறிட்டா பாத்தியில நிக்க முடியாது. உப்பு சுமந்த அக்கா வீட்டுக்கு வந்து சோறாக்கி, அசந்து படுக்கற நேரத்துல நூலகம் திறந்திருந்து என்ன புண்ணியம்? அவங்களுக்கு ஓய்வு மழைக்காலத்துல. பாத்தியில தண்ணி நின்னா வேலையே கிடையாது. அதுக்காகத்தான் அரசாங்கம் 5000 ரூபாய் நிவாரணம் தருது. புத்தகம் ஊருக்குள்ள வரவேண்டியதும் அப்பதான்.

இன்னொண்ணு, கண்ணு. வெள்ளை உப்புல பட்டுத் தெறிக்கிற வெயிலை வருஷக்கணக்கா பாத்த கண்ணுக்குப் பொடி எழுத்து ஒத்துவராது. பெரிய எழுத்துப் புத்தகம் வேணும், இல்லேன்னா யாராவது வாசிச்சுக் காட்டணும்.

"படிக்காதவங்களுக்கு எதுக்குங்க நூலகம்?"னு கேப்பீங்க. டீக்கடையில ஒருத்தர் தினத்தந்தியைச் சத்தமா வாசிக்க, பத்துப் பேர் கேட்டு அரசியல் பேசின ஊருங்க இது! தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளைப் பத்தி ராஜம் கிருஷ்ணன் எழுதின நாவல் 'கரிப்பு மணிகள்'. மரக்காணத்துல அதை வாசிச்சா, "எங்க கதையாச்சே"ன்னு ஒரு குரலாவது வராதா?

இதெல்லாம் வெளிநாட்டு யோசனையும் இல்லீங்க. 1931-ல எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகரோட தேவையிலேர்ந்துதான் நூலகமே தொடங்கணும்ங்கறது அதோட சாரம். அதே வருஷம் மன்னார்குடியில கனகசபைப் பிள்ளைன்னு ஒரு பொறியாளர், மாட்டுவண்டியில புத்தகத்தை ஏத்தி கிராமம் கிராமமா அனுப்பினார். நம்ம ஜாதிதான், இஞ்சினியர் ஜாதி :-)

மாட்டுவண்டி காலத்துலயே முடிஞ்சது இப்ப முடியாதா? சுதந்திர இந்தியாவோட முதல் பொது நூலகச் சட்டமே 1948-ல நம்ம சென்னை மாகாணத்துல வந்ததுதான். வீட்டு வரியோட நூலக வரியும் சேத்துத்தான் வாங்கறாங்க. கட்டடம், அலமாரி, கணினி எல்லாம் வரட்டும், சந்தோஷம். ஆனா திறக்கிற நேரத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி, உப்பு வாருறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அதுக்குச் செலவே இல்லை.