கிளிக் செய்யாமலே வரும் ஆபத்து: குற்றம் யாருடையது?

தெரியாத மெயிலைத் திறக்காதீர்கள், கண்ட லிங்க்கில் கிளிக் செய்யாதீர்கள் என்று எழுதாத கம்ப்யூட்டர் இதழ் இல்லை. நல்ல அறிவுரைதான். ஆனால், நீங்கள் எதையும் தொடாமல் இருக்கும்போதே உங்கள் கம்ப்யூட்டர் அடுத்தவர் கைக்குப் போகும் வழி ஒன்று உண்டு. அதை அடைக்க வேண்டியவர் யார் என்பதுதான் என் கேள்வி.

விழுப்புரம், திண்டிவனம் கடைத் தெருக்களில் ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டூடியோ, மருந்துக் கடை என எங்கு சென்றாலும், இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களை இணைத்து பைல்களையும் பிரிண்டரையும் ஷேர் செய்திருப்பதைப் பார்க்கிறேன். பலவற்றில் விண்டோஸ் அப்டேட் நிறுத்தப்பட்டிருக்கிறது. கேட்டால், "அப்டேட் வந்தா வேலை நிக்குது சார். சர்வீஸ் பண்ற தம்பி ஆப் பண்ணிட்டுப் போயிட்டாரு" என்கிறார்கள்.

இப்படி அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர்களைத்தான் 2017 மே 12 அன்று வான்னாக்ரை தேடிப் பிடித்தது. 150 நாடுகளில் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் பைல்களைப் பூட்டி, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. ஆந்திரப் போலீஸ் கம்ப்யூட்டர்களும், கேரளாவில் சில பஞ்சாயத்து அலுவலகங்களும் தப்பவில்லை. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் போதும். யாரும் கிளிக் செய்யாமலே நெட்வொர்க்கில் உள்ள மற்றவற்றுக்கும் அது தாவியது.

எப்படித் தாவியது? நெட்வொர்க்கில் வரும் டேட்டாவை முதலில் பிரித்துப் பார்க்கும் வேலையில் பெரும்பகுதியை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் செய்கிறது. விண்டோஸில் பைல் ஷேரிங் வேலையைக் கவனிக்கும் டிரைவரும் கெர்னலுக்குள்ளேயே இயங்குகிறது. இவை பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டவை. ஒதுக்கிய மெமரிக்குள் டேட்டா அடங்குகிறதா என்று சி மொழி தானாகச் சோதிக்காது. புரோகிராமர்தான் சோதிக்க வேண்டும். அந்த டிரைவரில், 4 பைட்களில் வைத்திருந்த ஓர் அளவை மாற்றி எழுதும்போது 2 பைட்களை மட்டும் மாற்றிவிட்டார்கள். கணக்கு தவறியதால், சொம்பு கொள்ளாத பால் வழிவது போல டேட்டா பக்கத்து மெமரியில் வழிந்தது. வழிகிற டேட்டாவைத் தாக்குபவரே தயாரித்து அனுப்பினால், அவர் கட்டளை கெர்னலின் முழு அதிகாரத்துடன் இயங்கும். எடர்னல்புளூ என்ற தாக்குதல் முறை செய்தது இதைத்தான்.

இதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்றே, அதாவது இரண்டு மாதங்களுக்கு முன்பே, வெளியிட்டிருந்தது. அப்டேட் செய்தவர்களிடம் இந்த வழி பலிக்கவில்லை. ஆகவே கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முழுப் பழியையும் அவர் தலையில் போடுவதை நான் ஏற்கவில்லை. 2 பைட் தவறு அவர் செய்ததல்ல. அதைக் கண்டுபிடிக்கும் வழியும் அவரிடம் இல்லை.

அது பழைய கதை என்றும் ஒதுக்க முடியாது. 2024 ஆகஸ்ட் 13 அன்று, விண்டோஸ் கெர்னலில் ஐபிவி6 பாக்கெட்டுகளைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டை ஒன்று அடைக்கப்பட்டது. அபாய அளவு 10க்கு 9.8. இதற்கும் கிளிக் தேவையில்லை. விண்டோஸில் ஐபிவி6 முதலிலிருந்தே இயங்கிக் கொண்டிருக்கும். லினக்ஸ் கெர்னலும் விலக்கல்ல; 2019ல் அதன் டிசிபி பகுதியில் கண்டறியப்பட்ட பிழையால், தொலைவிலிருந்தே கம்ப்யூட்டரை முடக்க முடிந்தது.

தன் சாப்ட்வேர்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 சதவீதம் மெமரியைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று மைக்ரோசாப்ட் 2019ல் கூறியது. இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. ரஸ்ட் போன்ற மொழிகள் இத்தகைய தவறுகளில் பெரும்பாலானவற்றைத் தாமே தடுத்துவிடும். ஆண்ட்ராய்டில் புதிய புரோகிராம்களை இவ்வகை மொழிகளில் எழுதத் தொடங்கிய பின், மெமரி தொடர்பான ஓட்டைகளின் பங்கு 2019ல் 76 சதவீதமாக இருந்தது 2024ல் 24 ஆகக் குறைந்ததாக கூகுள் தெரிவித்தது. பழையதை எல்லாம் மாற்றி எழுதவில்லை. புதிதாக எழுதியவற்றில் கவனம் செலுத்தினார்கள், அவ்வளவுதான். லினக்ஸ் கெர்னலிலும் 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பு முதல் ரஸ்ட் இடம்பெற்றது. பணம் வாங்கிக்கொண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் விற்பவர்கள் இதை விரைந்து செய்ய வேண்டியது கடமை அல்லவா?

அதுவரை நம் பங்கைச் செய்வோம். அப்டேட்டை நிறுத்தாதீர்கள், கடை மூடிய பின் ரீஸ்டார்ட் ஆகும்படி நேரம் அமையுங்கள். எஸ்எம்பி1 என்ற பழைய ஷேரிங் முறை இயங்கினால் நிறுத்துங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. அதில் கடைக் கணக்கு வைத்திருப்பவர்கள் அடுத்த ஏற்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். முக்கிய பைல்களின் நகல் ஒன்றை, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருங்கள். இணைப்பில் இல்லாத டிஸ்க்கை எந்த வைரஸும் பூட்ட முடியாது.