யாரைக் கேட்டு எழுதினீர்கள்?

ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவர், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர் என்றால் அவர் எழுத்தறிவு பெற்றவர். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறை இது. ஆனால் யாரும் யாரையும் படிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளரிடம் வீட்டிலுள்ள ஒருவர் எல்லோருக்குமாகச் சொல்வதுதான் பதில். அந்த ஒருவர் பெரும்பாலும் யார் என்று உங்களுக்கே தெரியும். 2011இல் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 73 சதவீதத்தைச் சற்றே தாண்டியது என்கிறார்கள். அந்த எண்ணுக்குள் எத்தனை கணவர்களின் அபிப்பிராயம் இருக்கிறது என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது.

நானும் அப்படி எழுதியவள்தான். முதுகலை படிக்கும்போது ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகப் படிவம் நிரப்பினேன். திண்ணையில் இருந்தவர், "அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, கைநாட்டு" என்றார். 'இல்லை' என்று குறித்துக்கொண்டேன். நான் எழுந்தபோது அந்த அக்கா நூறு நாள் வேலை அட்டையோடு உள்ளேயிருந்து வந்தார். "இதுல ஆறு நாள்னு போட்டிருக்கான் பாரு பாப்பா, நான் போனது ஒம்போது நாளு." தேதியைப் படித்து, எண்ணைப் படித்து, தன் கூலி எங்கே குறைந்தது என்று கண்டுபிடித்தவரை எழுத்தறிவற்றவர் என்று எழுதிவிட்டு வந்தேன். படிவத்தில் திருத்த இடமில்லை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். இடம் இருந்தது. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

சோதித்துப் பார்த்தால் சரியாகிவிடுமா? தேசியக் குடும்பநல ஆய்வு சோதிக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றில், 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் ஒன்பதாம் வகுப்பு முடித்தவர்களை அப்படியே எழுத்தறிவு பெற்றவர்களாகக் கொண்டார்கள். மற்றவர்களிடம் ஒரு வாக்கியம் அச்சிட்ட அட்டையை நீட்டினார்கள். அதில் ஒரு பகுதியை வாசித்தாலும் போதும். எழுதச் சொல்வதில்லை. ஐம்பது வயதுக்காரி கணக்கிலேயே இல்லை. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வேறு. வீட்டில் ஒரே ஒரு கண்ணாடி இருந்தால் அது யாருடையது? என் மாலை வகுப்பில் முதல் மாதம் நான் 'மந்தம்' என்று நினைத்த இருவருக்குத் தேவைப்பட்டது கண்ணாடி.

இதைவிடப் பெரிய மோசடி ஒன்று உண்டு. வகுப்புக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் 'பயன்'. நடுவில் நின்றுபோனவளுக்குப் பின்தேர்வு மதிப்பெண் கிடையாது. ஆகவே அவள் பெயரை நீக்கிவிட்டுச் சராசரி போடுகிறார்கள். நடவு, மகளின் பேறுகாலம், மாமியாரின் முகச்சுளிப்பு, குடித்துவிட்டு வகுப்பு வாசலில் வந்து கத்திய புருஷன் எல்லாம் அந்தப் பெயரோடு போய்விடுகின்றன. சொல்லிக்கொடுப்பவளுக்குத் தெரிய வேண்டியதே அவைதான். வகுப்பை ஏழரைக்கு வைப்பதா எட்டரைக்கு வைப்பதா என்று எந்த ஆய்வறிக்கையும் எனக்குச் சொன்னதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அதற்கு எந்தத் தேர்வுத்தாளில் மதிப்பெண்?

எண்களோடு நிற்காமல் மக்களின் அன்றாடத்துக்குள் போய் ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். லைபீரியாவின் வாய் மக்களிடையே ஆய்வு செய்த சில்வியா ஸ்க்ரிப்னரும் மைக்கேல் கோலும், எழுத்து தெரிந்தாலே அறிவு பொதுவாகக் கூர்மையாகிவிடும் என்ற நம்பிக்கையை 1981இல் உடைத்தார்கள். எழுத்தை எதற்குப் பயன்படுத்துகிறோமோ அதற்கேற்ற திறனே வளர்கிறது என்றார்கள். எனக்கு இது உதவியது; பாடநூலை மூடிவிட்டு வேலை அட்டையையும் குழுக் கணக்கு நோட்டையும் பாடமாக்கினேன். (அங்கேயும் வாய் எழுத்தை அறிந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான்.)

ஆனால் இந்த வழியில் நடப்பவர்களின் பரவசத்தைக் கண்டால் எனக்கு எரிச்சல். "கோலமும் ஒரு எழுத்தறிவே" என்றார் ஒரு கருத்தரங்கில் ஒருவர். கைதட்டினார்கள். கோலம் போட்டுப் பட்டா வாங்க முடியுமா? என் வகுப்புக்கு வந்தவர்கள் கேட்டது எழுத்து. அவர்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்று புகழ்ந்துவிட்டால், சொல்லிக்கொடுக்கும் கடமையிலிருந்து அரசு சந்தோஷமாக நழுவிக்கொள்ளும்.

என் வருகைப் பதிவேட்டில் 'நின்றது ஏன்' என்று கையால் கோடு போட்டு ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். போன வருடம் ஆய்வு மாணவி ஒருத்தி வந்து மதிப்பெண் பக்கங்களை மட்டும் படமெடுத்தாள். இதையும் எடுத்துக்கொள் என்றேன். "அது என் ஆய்வு வடிவமைப்புல இல்லக்கா" என்றாள். வடிவமைப்பை மாற்றிக்கொண்டு வா, அதுவரை மதிப்பெண்ணும் கிடையாது என்று சொல்லி நோட்டை மூடினேன்.