எதிரியின் முன்னிலையில்: சிறைப்பட்ட போர் விமானிக்குப் பதக்கம் எதற்காக?

சில வாரங்களுக்கு முன்பு எங்கள் துறையின் ஆய்வரங்கில் போர்க்கைதிகள் குறித்த பன்னாட்டுச் சட்டங்களைப் பற்றிப் பேசினேன். உரை முடிந்ததும் முதுகலை மாணவர் ஒருவர் எழுந்து, "பகைவனை வீழ்த்திய விமானிக்குப் பதக்கம் தருவது புரிகிறது. பகைவனிடம் பிடிபட்ட விமானிக்கு எதற்குப் பதக்கம்?" என்று கேட்டார். அரங்கில் இரண்டொருவர் சிரித்தனர். கேட்டவர் சிரிக்கவில்லை, அவருக்கு அது உண்மையான ஐயம். நேரமின்மையால் அன்று அரைகுறையாக ஒரு விடை சொல்லி அமர்ந்துவிட்டேன். அது எனக்கே நிறைவளிக்காததால் முழு விடையை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி புதிதன்று. வியட்நாமில் ஐந்தரை ஆண்டுகள் சிறையிருந்த செனட்டர் ஜான் மெக்கெய்னைப் பற்றி 2015 சூலையில் பேசிய டொனால்ட் டிரம்ப், பிடிபட்டதால்தான் அவரை வீரர் என்கிறார்கள் என்றும், பிடிபடாதவர்களையே தமக்குப் பிடிக்கும் என்றும் பொருள்படக் கூறினார். 2021 நவம்பரில் அபிநந்தன் வர்த்தமான் குடியரசுத் தலைவர் கையால் வீர் சக்ரா பெற்றபோது எல்லைக்கு அப்பாலிருந்து எழுந்த பரிகாசமும் இதே கேள்வியின் மறுவடிவந்தான்.

இக்கேள்விக்குள் ஒரு குழப்பம் இருக்கிறது. பிடிபட்டதற்காக எந்த நாடும் வீரப்பதக்கம் அளிப்பதில்லை. சிறைப்பட்ட விமானியின் போர் இரு பகுதிகளைக் கொண்டது. விமானம் வீழும்வரை நடந்தது முதற்பகுதி. பாராசூட்டில் எதிரி மண்ணில் இறங்கியபின் தொடங்குவது இரண்டாம் பகுதி. முதற்பகுதியில் அவரிடம் விமானமும் ஆயுதமும் வானொலித் தொடர்பும் உடன் பறக்கும் தோழர்களும் உண்டு. இரண்டாம் பகுதியில் உடலும் மனமும் மட்டுமே உண்டு. பல வேளைகளில் உடலும் காயமுற்றிருக்கும். இவ்விரண்டையும் தனித்தனியே மதிப்பிடமுடியும் என்பதற்கு அமெரிக்க விமானப்படையின் ராபின்சன் ரிஸ்னர் நல்ல சான்று. கொரியப் போரில் எட்டு எதிரி விமானங்களை வீழ்த்தியவர் அவர். 1965இல் வட வியட்நாம் மீது பறந்து காட்டிய துணிவுக்காக 'ஏர்ஃபோர்ஸ் கிராஸ்' பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் சுட்டு வீழ்த்தப்பட்டு ஏழாண்டுகளுக்கும் மேலாக ஹனோயில் சிறையிருந்தார். சித்திரவதைக்கிடையே காட்டிய உறுதிக்காக அதே பதக்கம் அவருக்கு மீண்டும் வழங்கப்பட்டது. வானில் செய்ததற்கும் சிறையறையில் செய்ததற்கும் அவர் நாடு ஒரே எடையைக் கொடுத்தது.

நம் நாட்டு விதிகள் இதற்கு இடம் தருகின்றனவா? தருகின்றன என்பதே என் வாதம். பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஆகிய மூன்றும் 1950 சனவரி 26 அன்று நிறுவப்பட்டன. இவற்றுக்கான அடிப்படைத் தகுதி, நிலத்திலோ கடலிலோ வானிலோ 'எதிரியின் முன்னிலையில்' காட்டிய வீரம். அசோகச் சக்ரா வரிசையிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டுவதும் இச்சொற்றொடர்தான். ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறக்கும் விமானி எதிரியின் முன்னிலையில் இருக்கும் நேரம் சில நிமிடங்கள். சிலவேளை சில நொடிகள். கைதியோ உறங்கும்போதும் உண்ணும்போதும் எதிரியின் முன்னிலையிலேயே இருக்கிறார். சொல்லின் நேர்ப்பொருளைக் கொண்டு பார்த்தால், இப்பதக்கங்களின் வரையறைக்குள் அவரைவிட முழுமையாகப் பொருந்துபவர் யார்?

போர்ச் சட்டமும் கைதியைத் தோற்றவராகவோ குற்றவாளியாகவோ கருதுவதில்லை. 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 17ஆம் பிரிவின்படி, கைதி தன் பெயர், பதவி, பிறந்த நாள், படை எண் ஆகியவற்றை மட்டும் சொன்னால் போதும். தப்பிக்க முயன்று அகப்பட்டவருக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கு மேற்பட்ட தண்டனை கூடாது என்கிறது 92ஆம் பிரிவு. தப்ப முயல்வது படைவீரரின் கடமையுணர்வைச் சார்ந்தது என்னும் பழைய புரிதலே இதன் அடித்தளம். மாணவர்கள் அதிகம் கவனிக்காத இரு பிரிவுகளும் உண்டு. கைதியிடமிருந்து அவருடைய பதவிச் சின்னங்களையும் பதக்கங்களையும் பறிக்கக்கூடாது என்கிறது 18ஆம் பிரிவு. அவற்றை அவர் அணிந்துகொள்ள அனுமதிக்கவேண்டும் என்கிறது 40ஆம் பிரிவு. சிறை முகாமுக்குள்ளும் பதக்கம் அணிந்து நிற்கும் உரிமையை எதிரி நாடே ஒப்புக்கொண்டிருக்கையில், வீடு திரும்பியவரின் மார்பில் அது எதற்கு என்று சொந்த நாட்டவர் கேட்பது விந்தையே.

சொந்த நாடே கேட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சோவியத் போர் விமானி மிக்கயீல் தெவ்யதாயெவின் வாழ்க்கை சாட்சி. 1944 சூலையில் வீழ்த்தப்பட்டு ஜெர்மானியரிடம் பிடிபட்டவர், பின்னர் பேனமுண்டே ஏவுகணைத் தளம் அமைந்த யூசெடொம் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1945 பிப்ரவரி 8 அன்று அத்தளத்திலிருந்தே ஒரு ஹைன்கெல் குண்டுவீச்சு விமானத்தைக் கைப்பற்றி, உடன் ஒன்பது கைதிகளை ஏற்றிக்கொண்டு சோவியத் படைகள் இருந்த பகுதிக்குப் பறந்தார். அவரை வரவேற்றவை ஐயமும் விசாரணையும். சரணடைந்தோரைத் துரோகிகளாகக் கருதிய 1941ஆம் ஆண்டின் 270ஆம் ஆணை உருவாக்கிய மனநிலை அது. 'சோவியத் ஒன்றியத்தின் வீரர்' என்னும் பட்டம் அவருக்கு 1957இல்தான் கிட்டியது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் அவர் முன்னாள் கைதி என்னும் பெயரோடு வாழ்ந்தார்.

வரையறையும் சட்டமும் இடம் தருகின்றன என்றால், சிறைக்கால வீரம் ஏன் இவ்வளவு அரிதாக மதிக்கப்படுகிறது? சாட்சி இல்லாமையே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன். வீரப்பதக்கம் என்பது ஓர் ஆவண நடைமுறை. கண்டவர் சொல்லவேண்டும், மேலதிகாரி பரிந்துரைக்கவேண்டும், படிப்படியாகக் கோப்பு மேலே செல்லவேண்டும். சிறையறையில் கண்டவர் எதிரி. அல்லது அடுத்த அறையிலிருந்து சுவரைத் தட்டிப் பேசிய சக கைதி. அமெரிக்க விமானப்படையின் லான்ஸ் சைஜன் 1967 நவம்பரில் லாவோஸ் காட்டில் விழுந்தார். எலும்பு முறிந்த காலோடு ஆறு வாரங்களுக்கும் மேல் பிடிபடாமல் ஊர்ந்து திரிந்தார். பிடிபட்டபின் ஒருமுறை தப்பினார். மீண்டும் அகப்பட்டு, 1968 சனவரியில் ஹனோய்ச் சிறையில் இறந்தார். அவருடைய இறுதி நாட்களில் உடனிருந்த கைதிகள் 1973இல் நாடு திரும்பிச் சொன்ன பிறகே அக்கதை வெளியுலகுக்குத் தெரிந்தது. 1976இல் அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது. அத்தோழர்களும் திரும்பாமல் போயிருந்தால் சைஜன் காணாமற்போனோர் பட்டியலில் ஒரு பெயராக மட்டுமே எஞ்சியிருப்பார்.

அபிநந்தன் விவகாரத்தில் இந்தச் சாட்சிச் சிக்கல் தலைகீழாகத் திரும்பியது. 2019 பிப்ரவரி 27 அன்று அவருடைய மிக்-21 பைசன் வீழ்ந்தது. மார்ச் 1 அன்று அவர் வாகா வழியே திரும்பினார். அவருடைய பாராட்டுரை வான்போரையும், பிடிபட்ட பின் எதிரியிடம் அவர் நடந்துகொண்ட முறையையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. முதற்பகுதியில் அவர் எஃப்-16 ஒன்றை வீழ்த்தினார் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. பாகிஸ்தான் அதை மறுக்கிறது. இரண்டாம் பகுதியைப் பற்றி அப்படியொரு தகராறு இல்லை. கண்கள் கட்டப்பட்ட நிலையிலும் பெயரும் படை எண்ணும் சொன்னதையும், எந்த விமானம், என்ன பணி என்ற கேள்விகளுக்கு விடை மறுத்ததையும் பிடித்து வைத்திருந்தவர்களின் ஒளிப்படக் கருவியே பதிவு செய்து உலகுக்குக் காட்டியது. போர்க்கைதியைப் பொதுமக்களின் வேடிக்கைப் பொருளாக்கக்கூடாது என்னும் 13ஆம் பிரிவுக்கு அப்பதிவுகள் முரணானவை. எனினும், எதிரியே சாட்சியாகிவிட்ட அரிய நிகழ்வு அது. எனவே, நம் பொது விவாதம் முழுவதும் வீழ்த்தப்பட்ட விமானத்தைச் சுற்றியே சுழன்றதும், நடத்தை என்னும் பகுதி மீசையும் தேநீருமாகச் சுருங்கிப்போனதும் எனக்கு வருத்தம் தருகின்றன.

ஒளிப்படக் கருவி இல்லாத காலத்துக் கைதிகள்? 1971 போரில் பிடிபட்ட ஃபிளைட் லெப்டினன்ட் திலீப் பாருல்கர், தோழர்கள் இருவருடன் 1972 ஆகஸ்டில் ராவல்பிண்டி முகாமின் சுவரைத் துளைத்துத் தப்பினார். ஆப்கன் எல்லைக்குச் சில மைல்கள் முன்பு, பல்லாண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்ட லண்டிகானா ரயில் நிலையத்துக்கு வழி கேட்டதால் ஐயத்துக்குள்ளாகி மூவரும் அகப்பட்டனர். 1965 போரில் காயமுற்ற நிலையிலும் விமானத்தைத் தளத்துக்குத் திருப்பிக் கொணர்ந்ததற்காக வாயு சேனா பதக்கம் பெற்றவர் அவர். அத்தப்புதலின் முழு வரலாறு ஒரு நூலாக நம் கைக்கு வந்தது 2013இல். எழுதியவர் கனடாவைச் சேர்ந்த ஃபெயித் ஜான்ஸ்டன். நம் பல்கலைக்கழகங்களிலிருந்து அந்நூல் வராமற்போனது ஏன் என்று போர் வரலாறு பயிலும் நாம்தான் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

அவர்களுக்காவது திரும்பிவந்து சொல்லும் வாய்ப்பிருந்தது. 1971 போரில் காணாமற்போய், பாகிஸ்தானில் கைதிகளாக இருப்பதாக இந்தியா கருதும் 54 பேரின் பட்டியலில் விமானப்படையினர் பலர். தன்னிடம் அப்படி யாரும் இல்லை என்பது பாகிஸ்தானின் விடை. 2007இல் உறவினர் குழு ஒன்று அங்குள்ள சிறைகளுக்குச் சென்று, தேடியவர்களைக் காணாமல் திரும்பியது. அவர்கள் சிறைப்பட்டிருந்தால், அங்கே எப்படி வாழ்ந்தார்கள், எதை மறுத்தார்கள், யாரைக் காத்தார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. எந்தக் கோப்பும் அவர்களுக்காக மேலே செல்லாது.

இங்கே எழக்கூடிய நேர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. சித்திரவதைக்கு உடைந்துபோனவரை என்ன செய்வது? எல்லாக் கைதிக்கும் பெருமை என்றால், உடையாதவரின் பெருமை குறையாதா? மெக்கெய்னின் வரலாறே இதற்கு விடை. அவருடைய தந்தை கடற்படைத் தளபதியாக இருந்ததால் 1968இல் முன்கூட்டியே விடுதலை செய்ய வட வியட்நாம் முன்வந்தது. தனக்கு முன் பிடிபட்டோர் முதலில் போகட்டும் என்று அவர் மறுத்தார். அதே ஆண்டில், தொடர்ந்த அடிக்குப்பின், குற்ற ஒப்புதல் அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார். அதன் வெட்கத்தை வாழ்நாள் முழுதும் அவர் மறைக்கவில்லை. ஒரே மனிதர், ஒரே சிறை, ஒரே ஆண்டு. சிறையில் விசாரணைகளை எதிர்த்து நின்றதற்காக அவருக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் அளித்த நாடு, அந்தக் கையெழுத்தைக் காரணம் காட்டி அதை மறுக்கவில்லை. மனித உடலுக்கு எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் அமைப்பால்தான் சிறைக்கால வீரத்தை மதிப்பிடமுடியும். 1985இல் அமெரிக்கா நிறுவிய போர்க்கைதிப் பதக்கமும் கைதியின் நன்னடத்தையை மட்டுமே கோருகிறது. அது வீரப்பதக்கம் அன்று. சிறைக்காலமும் பணிக்காலமே என்னும் ஒப்புதல், அவ்வளவே. போர்க்காயத்துக்குப் பராக்ரம் பதக்கம் வைத்திருக்கும் நம் வரிசையில் அதற்கு நிகரான ஒன்று இல்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகள். முதலாவது, சிறைப்பட்டு மீண்டவருக்குப் பதக்கம் வழங்கும்போது பாராட்டுரையில் வான்போரும் சிறை நடத்தையும் தனித்தனியே எழுதப்படவேண்டும். ஒன்றன்மீது எழும் தகராறு மற்றதை மூடிவிடக்கூடாது. இரண்டாவது, சிறைக்காலத்துக்கெனத் தனிப் பணிப்பதக்கம் ஒன்று நிறுவப்பட்டு, 1965, 1971, 1999 ஆண்டுகளின் கைதிகளுக்கும் முன்தேதியிட்டு வழங்கப்படவேண்டும். மூன்றாவது, ஆய்வாளர்களாகிய நமக்கானது. நாடு திரும்பிய கைதிகள் அளித்த வாக்குமூலங்களை, பாதுகாப்புக்குக் கேடில்லாத அளவில், உரிய காலத்துக்குப்பின் ஆய்வுக்குத் திறக்கக் கோரவேண்டும். அக்கால விமானிகள் இன்று எண்பது வயதை ஒட்டியும் கடந்தும் இருக்கிறார்கள். பாருல்கரும் 2025இல் மறைந்துவிட்டார். வாய்மொழி வரலாற்றுத் திட்டம் ஒன்றைத் தொடங்க ஒலிப்பதிவுக் கருவியும் பயணச் செலவும் போதும்; எந்த அமைச்சகத்தின் அனுமதிக்காகவும் நாம் காத்திருக்கவேண்டியதில்லை.

அன்று கேள்வி கேட்ட மாணவருக்கு இதை அனுப்பிவைத்திருக்கிறேன். முனைவர் பட்டத்துக்குப் பொருள் தேடிக்கொண்டிருப்பதாக அவர் முன்பு சொன்னது நினைவிருக்கிறது. தம் கேள்விக்கான விடையை அவரே எழுதட்டும் என்பது என் ஆசை. அவரோ வேறு எவரோ, இத்திட்டத்தில் இணைய விரும்புவோர் இப்பதிவின் கீழே தெரிவியுங்கள்.