14 லட்சத்துக்கு பி.எம்.டபிள்யூ... அட்வான்ஸ் கொடுக்கலாமா?

இந்த வகை ரீல்ஸ் உங்கள் மொபைலுக்கும் வந்திருக்கும். பாலிஷ் போட்டுப் பளபளக்கும் ஒரு ஜெர்மன் கார், கதவைச் சாத்தும்போது 'தொப்' என்று ஒரு கனமான சத்தம், மெதுவாகத் திறக்கும் சன்ரூஃப், பின்னணியில் மாஸ் பி.ஜி.எம். கடைசியில் விலை சொல்வார்கள். "புது எஸ்.யூ.வி. வாங்குற காசுல பி.எம்.டபிள்யூ!"

இந்த வாரம் திருச்சி வாசகர் ஒருவர் கேட்டிருப்பதும் இதைத்தான். அப்பாவுக்கு ரிட்டையர்மென்ட் பணம் வந்திருக்கிறதாம். முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் ஆபீஸ் போய் வந்த மனிதரை ஒரு நல்ல காரில் உட்கார வைக்க ஆசை. 2016 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி, டீசல், 78,000 கிலோமீட்டர் ஓடியது, 14 லட்சம் சொல்கிறார்கள். வாங்கலாமா?

ஆசையில் ஒரு தப்பும் இல்லை. பிரச்னை கணக்கில்தான் இருக்கிறது.

புதிதாக வந்தபோது அது 40 லட்சத்தை ஒட்டிய கார். இப்போது விலை மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டது. ஆனால், குறைந்தது காரின் விலைதான். ஹெட்லைட், சென்சார், ஷாக் அப்சார்பர் எல்லாம் இன்றும் 40 லட்ச ரூபாய் காரின் பாகங்கள்தான். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று ஷோரூமில் யாரும் பில்லைக் குறைத்துப் போட மாட்டார்கள்.

இது எங்கே வலிக்கும் என்றால், இன்சூரன்ஸில். 'ஜீரோ டெப்' பாலிசியைப் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட காருக்குத்தான் தருவார்கள். அது இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவிகிதம் தேய்மானம் கழித்துவிட்டுத்தான் க்ளெய்ம் வரும். பம்பர் உடைந்தால் பாதிப் பணம் உங்களுடையது. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள காரின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவிகிதம் கழிப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ரிப்பேர் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் ஐ.டி.வி. மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அது 'டோட்டல் லாஸ்'. ஐ.டி.வி. 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஏர்பேக் வெடிக்கிற அளவுக்கு ஒரு விபத்து நடந்தால், இந்த மாதிரி கார்களில் பில் 9 லட்சத்தைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. புது காரில் ரிப்பேர் செய்து ஓட்டியிருக்கக்கூடிய அடி, இதில் காரையே முடித்துவிடும்.

டயர் விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. பி.எம்.டபிள்யூவின் பல மாடல்களில் இருப்பது ரன்-ஃப்ளாட் டயர். பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம். நல்ல விஷயம்தான். ராத்திரி உளுந்தூர்பேட்டையில் பஞ்சரானால் தாராளமாக விழுப்புரம் போய்ச் சேரலாம். அங்கே அந்த சைஸ் டயர் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. காற்றில்லாமல் ஓட்டிய ரன்-ஃப்ளாட்டைப் பெரும்பாலும் பஞ்சர் ஒட்டிப் பயன்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

எஞ்சினுக்கு வருவோம். 2015 வரை வந்த பல 320டி கார்களில் இருந்தது 'என்47' என்ற டீசல் எஞ்சின். ஓட்டுவதற்கு அருமை, ஆனால் டைமிங் செயின் விஷயத்தில் உலகம் முழுக்கப் பெயர் கெட்டது. அந்தச் செயின் இருப்பது எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி. அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். மாற்றாமல் விட்டு அறுந்தால் எஞ்சினே போய்விடும். 2016-ல் பதிவான கார்கூட 2015-ல் தயாரானதாக இருக்கலாம். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பின்பக்கமிருந்து உரசல் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே காரைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

78,000 கிலோமீட்டர் என்பதை மீட்டரை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், ஒவ்வொரு சர்வீஸிலும் எத்தனை கிலோமீட்டர் காட்டியது என்பது தெரிந்துவிடும். உரிமையாளரே கேட்டால் இன்னும் சுலபம். நான்கு வருடமாக சர்வீஸ் பதிவே இல்லையென்றால், மீட்டரில் என்ன காட்டினாலும் பயனில்லை.

டெல்லி நம்பர் கார் என்றால் கொஞ்சம் நிதானம். அங்கே பத்து வயதைத் தாண்டிய டீசல் கார்களுக்கு எதிராக 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதிலிருந்து, பல கார்கள் மலிவாகத் தெற்கே வருகின்றன. அந்த மலிவோடு என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, காரின் வயதைப் பொறுத்த ஆயுள் வரி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சென்னைக் கார் என்றால் வெள்ளத்தில் மூழ்கியதா என்பதுதான் கேள்வி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, பதில். ரிட்டையர்மென்ட் பணத்தில் வேண்டாம். இதே கேள்வியை மாதச் சம்பளத்தோடு, தினசரி ஓட்ட வேறு வண்டியும், ரிப்பேருக்கென்று தனியாக மூன்று லட்சமும் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தால், கம்பெனியே வாரன்ட்டியோடு விற்கும் பழைய காராகப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். விலை கூடும்தான், ஆனால் முதல் வருடம் நிம்மதியாகத் தூங்கலாம்.

அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். 320டி தாழ்வான கார். அறுபது வயது முழங்காலோடு அதில் குனிந்து ஏறி இறங்குவது லேசான வேலை இல்லை. கொஞ்சம் உயரமான சீட் உள்ள புது ஆட்டோமேட்டிக் காரோ, மூன்று வயதான நல்ல எஸ்.யூ.வி.யோ இதே பணத்துக்குக் கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு அந்த 320டி-யில்தான் நிற்கிறது என்றால், அட்வான்ஸுக்கு முன் விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு கேரேஜில் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். பரிவாஹன் தளத்தில் கடன் பாக்கி, சலான் பாக்கி, எத்தனையாவது உரிமையாளர் என்பதையும் பார்த்துவிடுங்கள். வாங்கிய 14 நாள்களுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதிலிருக்கும் நோ க்ளெய்ம் போனஸ் விற்றவருக்குச் சொந்தமானது என்பதால், அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். பேரம் பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசுங்கள்.