குபேரனுக்கு எந்தப் பக்கம் வாசல்?

சென்ற மாதம் பாடாலூருக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தேன். திருச்சியிலிருந்து சென்னை வரும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு முன்னால் வருகிற ஊர். பெரியம்மா வீடு அங்கேதான். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்து, நல்ல விலை வரட்டும் என்று காத்திருந்து, விலை இறங்கின பிறகு விற்றிருந்தார்கள். வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

பெரியம்மா காபியைக் கொடுத்துவிட்டு, பூஜை அறையை ஜாடை காட்டினாள். "எல்லாம் அதனாலே வந்த வினைதான்!"

அங்கே ஒரு மணைப்பலகை. அதன் மேல் அரிசி மாவினால் ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஒரு நாணயம், ஒரு பூ. குபேரக் கோலம்தான், உங்களில் பலர் வெள்ளிக்கிழமைதோறும் போடுவது. பெரியம்மா பல வருஷமாக இப்படித்தான் எழுதுகிறாள்:

27   20   25
22   24   26
23   28   21

ஒரு வாரம் முழங்கால் வலி என்று மருமகளைப் போடச் சொல்லியிருக்கிறாள். அண்ணிக்குப் பிறந்த வீடு துறையூர்ப் பக்கம். அம்மா சொல்லிக் கொடுத்தபடி அவள் எழுதியது இது:

21   28   23
26   24   22
25   20   27

அந்த வாரம்தான் வெங்காயம் மண்டிக்குப் போயிற்று. கேட்கவேண்டுமா? "தலைகீழா எழுதினா பணமும் தலைகீழாத்தான் போகும்" என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமை ஆகியும் அண்ணி பூஜை அறைப் பக்கமே திரும்பவில்லை.

வீட்டில் பத்து வயசுப் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். பத்திரிகையில் வரும் சுடோகுவைப் பென்சிலால் போட்டுத் தீர்க்கிற பெண். (சுடோகுவில் கூட்டல் கிடையாது என்பது வேறு விஷயம். ஒரு வரிசையில் ஒரு எண் இரண்டு முறை வரக்கூடாது, அவ்வளவுதான்.) பாட்டி என்னிடம் புலம்பியதை அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அப்பாயி, அம்மா எழுதினதைக் கூட்டிப் பாத்தீங்களா?"

"கூட்டறதுக்கு இது என்ன மண்டிக் கணக்காடி?"

சிறுமி விடவில்லை. இன்னொரு பலகையில் சாக்குக்கட்டியால் அம்மாவின் கட்டத்தை எழுதிக்கொண்டு வந்தாள். பெரியம்மா மூட்டைக் கணக்கை வாயாலேயே போடுகிறவள். குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று, மூலைக்கு மூலை இரண்டு. எட்டுத் தடவையும் எழுபத்திரண்டு. தன்னுடையதையும் கூட்டினாள். அதிலும் எழுபத்திரண்டு.

"இப்போ எனக்கு எதிரே வந்து உக்காருங்க, அப்பாயி."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா பலகைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். எண்கள் தலைகீழாகத் தெரிந்தன. ஆனால் வரிசை? இருபத்தேழு, இருபது, இருபத்தைந்து! அவளுடைய கோலமேதான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்களும் ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். 20 முதல் 28 வரை எல்லாவற்றையும் கூட்டினால் 216. மூன்று வரிசைக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 72. நடுக் கட்டத்தின் வழியாக நான்கு கோடுகள் போகின்றன. நான்கு 72 சேர்ந்தால் 288. அந்த நான்கு கோடுகளிலும் ஒன்பது எண்களும் வந்துவிடுகின்றன, நடு எண் மட்டும் மூன்று தடவை அதிகமாக எண்ணப்படுகிறது. 288-ல் 216 போனால் 72. அதில் மூன்றில் ஒன்று 24. ஆக, யார் எழுதினாலும் நடுவில் 24தான் உட்காரவேண்டும்.

அடுத்தது 20. அதற்கு 52 துணை தேவை. 24-ம் 28-ம் ஒரு ஜோடி, 25-ம் 27-ம் ஒரு ஜோடி. வேறு ஜோடி கிடையாது. மூலையில் இருப்பவருக்கு மூன்று கோடுகள் வேண்டும். இரண்டு ஜோடியை வைத்துக்கொண்டு 20 மூலைக்குப் போக முடியாது. பக்கத்தின் நடுவில்தான் நிற்கவேண்டும். அதற்கு நாலு இடம். இரண்டு புறமும் 25, 27. அவர்கள் இடம் மாறி நிற்கலாம். நாலிரண்டு எட்டு. மற்றவை தாமே வந்து விழுந்துவிடும். ஆகவே குபேரக் கோலத்தை மொத்தம் எட்டு விதமாக எழுதலாம். எட்டும் ஒரே கோலம்தான், பலகையைத் திருப்பியோ கண்ணாடியில் காட்டியோ பார்ப்பது போல.

ஒவ்வொரு எண்ணிலும் 19-ஐக் கழித்துப் பாருங்கள். 1 முதல் 9 வரை போடும் பழைய மாயச் சதுரம் கிடைக்கும். இதற்கு நம் நாட்டில் தனிக் கணிதமே உண்டு. நாராயண பண்டிதர் 1356-ல் எழுதிய 'கணித கௌமுதி'யில் ஓர் அத்தியாயம் முழுதும் இதுதான். சியாமுக்குத் தூது போன லா லூபேர் என்ற பிரெஞ்சுக்காரர், சூரத்து இந்தியர்கள் இதைச் சுலபமாகப் போடும் முறையைக் கப்பலில் ஒருவர் சொல்லக் கேட்டு, 1691-ல் புத்தகத்தில் எழுதினார். கொள்ளிடத்துக்கு அக்கரையில், கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தில் முதல் அத்தியாயமே மாயச் சதுரம்தான்.

காலையில் பெரியம்மா கேட்டாள்: "அப்போ விலை ஏண்டா இறங்கிச்சு?"

"ஒரே நாள்லே அத்தனை லாரி திருச்சி மண்டிக்குப் போனா இறங்காம என்னம்மா செய்யும்?" என்றார் அண்ணன்.

பெரியம்மா பதில் பேசவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. சற்றுப் பொறுத்து மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றாள். "ஏம்மா, இந்தா. உங்கம்மா வீட்டு மாதிரியே போடு. நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு கட்டம். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் 'பிருஹத் சம்ஹிதை'யில் வாசனைப் பொடி செய்யச் சொன்னது. அகில், கோரைக்கிழங்கு, சந்தனம் என்று பதினாறு சரக்குகள். 1 முதல் 8 வரை ஒவ்வோர் எண்ணும் இரண்டு முறை வரும். குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 18 பங்கு. மேல் இரண்டு வரிசையைத் தருகிறேன்:

2   3   5   8
5   8   2   3

கீழே இரண்டு வரிசை உங்களுடையது. ஒரே ஒரு விடைதான் உண்டு. அடுத்த வாரம் பார்க்கலாம்.